மாறிக்கொண்டே இருக்கும் கம்பெனிக்கு இயங்குமுறை வகுப்பது எப்படி? கப்பலூரிலிருந்து ஒரு கேள்வி

கப்பலூர்மகள்

அனைவருக்கும் வணக்கம். மதுரை பக்கத்துக் கப்பலூரில் அப்பா தொடங்கிய ரப்பர் பாகங்கள் யூனிட்டை நானும் என் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். ஓ-ரிங், புஷ், டஸ்ட் கவர், குரோமெட் என்று இதுவரை எல்லாமே வாகனக் கம்பெனிகளுக்கான சரக்குதான். அப்பா இன்னும் தினமும் வருகிறார். காம்பவுண்டு (மருந்து சேர்த்த ரப்பர்) கலவை, புது அச்சு, ஆள் எடுப்பது, பில் பாஸ் செய்வது எல்லாமே அவர் கையைத் தாண்டித்தான் போகும். ஆட்கள் குறைவாக இருந்தவரை அது நன்றாகவே ஓடியது. குறை சொல்லவில்லை, அந்த முறைதான் எங்களை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது.

இப்போது எல்லாப் பக்கமும் மாறுகிறது. மின்சார வண்டிகள் வருவதால் எஞ்சினைச் சுற்றியிருக்கும் சீல் வகை ஆர்டர்கள் மெலிந்துகொண்டு வருகின்றன. பேட்டரிப் பெட்டிக்கான சீல், கேபிள் குரோமெட் கேட்கிறார்கள். அதில் எண்ணிக்கை குறைவு, வகை அதிகம், டிசைன் அடிக்கடி மாறுகிறது. இதற்கு நடுவில் மருத்துவக் கருவிகளுக்கான சிலிக்கோன் பாகங்கள் செய்து தர முடியுமா என்று ஒருவர் உறுதியாகக் கேட்டிருக்கிறார். அப்பாவும் அடுத்த ஆண்டோடு தினசரி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்கிறார்.

ஓர் ஆலோசகரை வைத்தோம். துறைகள், துறைத் தலைவர்கள், கீழே கோடுகள் என்று ஓர் அமைப்புப் படம் வரைந்து கொடுத்தார். மருத்துவ ஆர்டர் பேச்சு வந்ததும் அந்தப் படத்தில் அதற்கு இடமே இல்லை என்று தெரிந்தது. எல்லாக் கேள்வியும் பழையபடி அப்பாவிடமே போய்விட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் படத்தைத் திருப்பி வரைய வேண்டுமா? மாற்றம் வந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்தே வகுக்கிற இயங்குமுறை எப்படி இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பிளான்ட்_மேனேஜர்

அம்மா, படத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். யார் யாருக்குக் கீழே என்பது கடைசியில் வர வேண்டியது. உங்கள் அப்பாவிடம் ஒரு நாளில் என்னென்ன கேள்விகள் வருகின்றன என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். யார் வந்தார், என்ன கேட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், அப்பா எதைப் பார்த்துப் பதில் சொன்னார். இந்த நான்கையும் எழுதுங்கள்.

நான்காவதுதான் உயிர். அச்சு மாற்றும் நேரத்தை அட்டவணையில் பார்த்து ஒரு முடிவு சொன்னார் என்றால், அந்த அட்டவணையை வேறொருவரிடம் கொடுத்தால் அவரும் அதே முடிவைச் சொல்வார். காம்பவுண்டைக் கையில் இழுத்துப் பார்த்துச் சொன்னார் என்றால் கதை வேறு. அந்தக் கை அறிவதை ரியோமீட்டர் (ரப்பர் வேகும் விதத்தை அளக்கும் கருவி) எண்ணாகவோ ஷோர் கடினத்தன்மையாகவோ மாற்றும்வரை, அல்லது அவர் பக்கத்திலேயே நின்று ஒருவர் பழகும்வரை, அந்த முடிவை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அந்த ஆள் அப்பாவுக்குத்தான் போன் போடுவார். உங்கள் ஆலோசகரின் படம் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நோட்டு ஓரளவு நிறைந்ததும் கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். தப்பாகிவிட்டால் மறுநாளே திருத்திக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம்: நாளைக்கு எந்த பிரஸ்ஸில் (அச்சை அழுத்தி ரப்பரை வேக வைக்கும் மெஷின்) எந்த அச்சு, யாருக்கு ஓவர்டைம், எந்த லாரி. திருத்த முடியாதவை அல்லது திருத்தப் பெரிய விலை கொடுக்க வேண்டியவை இன்னொரு பக்கம்: கலவை மாற்றம், விலை ஒப்பந்தம், புது வாடிக்கையாளர், புது மெஷின். முதல் பக்கத்தை எவ்வளவு கீழே தள்ள முடியுமோ தள்ளுங்கள். இரண்டாவது பக்கத்தை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்.

ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்ற வரலாற்று ஆய்வாளர் 1962-ல், டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து, உத்தி மாறும்போது அமைப்பும் அதன் பின்னால் மாறுகிறது என்று எழுதினார். நம் பக்கத்துச் சின்ன யூனிட்களில் நான் பார்த்தது தலைகீழ். அமைப்பு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குத்தான் புது ஆர்டரை எடுக்கவே துணிகிறார்கள். முதலாளியின் நேரம் தீர்ந்துபோன இடத்தில் வளர்ச்சி நிற்கிறது. உங்கள் கேள்வியை அதனால்தான் மதிக்கிறேன்.

ஷிப்ட்_பி

நான் வேறொரு யூனிட்டில் சூப்பர்வைசர். மேலே ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கீழே நிற்பவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

"இனிமேல் நீங்களே முடிவெடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி ஷிப்டில் ஒரு பேட்ச் காம்பவுண்டு சந்தேகமாக இருக்கிறது என்று வையுங்கள். பிரஸ்ஸை நிறுத்தினால் டிஸ்பாட்ச் தவறும், அதற்கு மெமோ. ஓட்டினால் ரிஜெக்‌ஷன் வரும், அதற்கும் மெமோ. இரண்டு பக்கமும் அடி என்றால் யார் முடிவெடுப்பார்? போன்தான் போடுவோம். தூக்கத்தில் இருப்பவர் பாதிக் காதில் கேட்டு ஏதோ சொல்வார், அதை அப்படியே செய்வோம். தப்பானால் "நீங்கதான் சொன்னீங்க" என்று இருக்கும்.

முடிவெடுக்கும் உரிமை கொடுக்கிறீர்கள் என்றால், எல்லைக்குள் எடுத்த முடிவு தப்பாகப் போனாலும் அவன் மேல் கை வைக்க மாட்டோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அது இல்லாமல் மீதி எல்லாம் காகிதம்.

அப்புறம் எல்லை என்பது ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் நம்ம ஊர் ஷெட்டுக்குள் கலந்து வைத்த காம்பவுண்டு பிரஸ்ஸுக்குப் போகும் முன்பே வேகத் தொடங்கிவிடும், அதாவது இறுகிவிடும். மார்கழியில் தாங்குகிற நாள் கணக்கு அப்போது செல்லாது. பருவத்துக்கு ஓர் எல்லை போடுங்கள்.

இலந்தைக்குளம்_ஐடி

எங்கள் துறையில் இந்தப் பிரச்சினையை நிறையப் பேசியிருக்கிறோம். மெல்வின் கான்வே என்ற கணினி நிபுணர் 1968-லேயே சொன்னார்: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அங்கே யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பு அதில் அப்படியே படிந்துவிடும். உங்கள் கம்பெனியில் எல்லோரும் அப்பாவோடு மட்டும் பேசிப் பழகியவர்கள். ஆகவே எந்தப் புது வேலை வந்தாலும் அது அவர் வழியாகப் போகிற மாதிரிதான் உருவெடுக்கும்.

என் யோசனை, பொருள் வாரியாகக் குழு பிரியுங்கள். பழைய வாகன பாகங்களுக்கு ஒன்று, மின்வாகன பாகங்களுக்கு ஒன்று, மருத்துவ சிலிக்கோனுக்கு ஒன்று. ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தக் கொள்முதல், சொந்தத் தரச் சோதனை, சொந்த பிரஸ்கள். குழு சின்னதாக இருக்கட்டும். நெதர்லாந்தில் 2006-ல் யோஸ் டி ப்ளோக் தொடங்கிய பியூர்ட்ஸோர்க் என்ற வீட்டு நர்சிங் அமைப்பில் ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். நோயாளியை எடுத்துக்கொள்வது, நேரம் ஒதுக்குவது, புது ஆள் எடுப்பது எல்லாம் குழுவே செய்கிறது. நடுவில் மேனேஜர் அடுக்கு கிடையாது. தேவை கூடினால் புதுக் குழு சேர்க்கிறார்கள். மாற்றத்தைத் தாங்குகிற அமைப்பு என்றால் இதுதான்.

பழைய_பிளான்ட்_மேனேஜர்

தம்பி, நர்ஸ் தன் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். இவர்களிடம் ரப்பர் கலக்கும் நீடர் மெஷின் ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எப்படி மூன்றாகப் பிரிப்பது? அச்சு பராமரிக்கிற மேஸ்திரியும் ஒருவர்தான் இருப்பார். மூன்று குழுவும் ஒரே நாளில் அவர் வேண்டும் என்றால் முடிவு மறுபடி அப்பாவிடம் போகும்.

எதைப் பிரிக்கலாம், எதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதைப் பொருளின் தன்மையே சொல்லும். அம்மா, அந்தச் சிலிக்கோன் எந்த வகை என்று சொல்ல முடியுமா?

கப்பலூர்மகள்

நீடர் ஒன்றுதான் ஐயா, சரியாகச் சொன்னீர்கள். சிலிக்கோன், பிளாட்டினம் க்யூர் வகை.

பழைய_பிளான்ட்_மேனேஜர்

அப்படியானால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிளாட்டினம் வினையூக்கிக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. உங்கள் பழைய காம்பவுண்டு பெரும்பாலும் கந்தகம் போட்டு வேக வைப்பதுதான். அதன் தூசி, அந்த மில், அந்தக் கத்தி, அந்தக் கையுறை எது பட்டாலும் சிலிக்கோன் வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். கார்பன் பிளாக் கறை வேறு. எனவே சிலிக்கோனுக்குக் கலவையிலிருந்து பேக்கிங் வரை தனி அறை, தனி ஆட்கள். நடுவில் ஆளை மாற்றி அனுப்புவதுகூடக் கூடாது. தர முறையும் தனி. வாகன சரக்குக்கு ஐஏடிஎஃப் 16949 இருக்கிறது, மருத்துவத்துக்கு ஐஎஸ்ஓ 13485 கேட்பார்கள். இரண்டின் ஆவணங்களையும் ஒரே ஆள் ஒரே ஃபைலில் பார்த்தால் குழப்பம் வரும்.

ஆனால் மின்வாகன பாகங்களுக்குத் தனிக் குழு வேண்டியதில்லை. அதே இபிடிஎம், அதே நைட்ரைல் ரப்பர், அதே பிரஸ். மாறுவது அச்சும், டிசைன் திருத்தம் வரும் வேகமும்தான். அங்கே தேவை, வாடிக்கையாளரின் டிசைன் ஆளோடு நேரடியாகப் பேசி, மாற்றத்தை அச்சுக் கூடம் வரை கொண்டுபோகிற ஒரே ஒரு பொறுப்பாளர்.

பொதுவில் இருப்பவை அச்சு பராமரிப்பு, கணக்கு, கொள்முதல். இவற்றுக்கு எழுத்தில் ஒரு வாக்குறுதி வேண்டும். அச்சு சுத்தம் செய்யக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும், இரண்டு பேர் ஒரே நாளில் கேட்டால் யாருக்கு முதலில் என்று அந்த விதி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இலந்தைக்குளம்_ஐடி

கந்தக விஷயம் எனக்குப் புதிது ஐயா, நன்றி. பொருளே எல்லைக்கோட்டை வரைகிறது என்பதை ஏற்கிறேன். பொதுவில் இருப்பதற்கு வாக்கு எழுதுவது எங்கள் பக்கமும் உண்டு. அதில் ஒன்று சேர்க்கிறேன். வாக்கு தவறும்போது அது எங்கே பதிவாகும் என்பதையும் எழுதுங்கள். பதிவு இல்லாவிட்டால் மாதக் கடைசியில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதே உண்மையாகிவிடும்.

கண்_முகாம்

மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவள் என்ற முறையில் ஒரு மதுரை உதாரணம் சொல்கிறேன். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். பிறகு அது பல ஊர்களுக்கும் போனது. 1992-ல் அரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தார்கள். 2004-லிருந்து கிராமப்புறங்களில் பார்வை மையங்கள் திறந்தார்கள். இவ்வளவு மாறியும் உள்ளே ஒரு விஷயம் மாறவில்லை. எந்த வேலைக்கு டாக்டரே வேண்டும், எந்த வேலையைப் பயிற்சி பெற்றவர் செய்யலாம் என்ற பிரிப்புதான் அது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை அளப்பது, அறுவைக்குத் தயார் செய்வது, ஆலோசனை சொல்வது எல்லாம் அவர்கள். டாக்டர் நோய் என்ன என்று முடிவு செய்கிறார், அறுவை செய்கிறார். ஓர் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார்.

பார்வை மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்றவர் கண்ணைப் பரிசோதித்து, விவரத்தைக் கணினியில் ஏற்றுவார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் இணையம் வழியாகப் பார்த்து முடிவு சொல்வார். கட்டிடம், ஊர், தொழில்நுட்பம் எல்லாம் மாறியது, ஆனால் யார் முடிவு என்பதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. அது தெளிவாக இருந்ததால்தான் புதிய ஊரில் மையம் திறக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கப்பலூர் தங்கைக்கு ஒரு கேள்வி. உங்கள் அப்பா செய்கிற வேலையில் அவரே செய்தாக வேண்டியவை எத்தனை? பழக்கத்தால் அவரிடம் தங்கிவிட்டவை எத்தனை? அவரையே அந்தப் பட்டியலைப் பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிரித்துக் காட்டினால் மனசு வருத்தப்படும். அவர் பிரித்தால் அது அவர் கொடுப்பதாக இருக்கும்.

கப்பலூர்மகள்

எல்லோருக்கும் நன்றி. கண்_முகாம் அக்கா சொன்னபடி அப்பாவிடமே கேட்டேன். சில விஷயங்களைச் சட்டென்று விட்டுவிட்டார்: ஓவர்டைம், லாரி, அச்சு வரிசை. கலவைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். ஃபார்முலா வெளியே போனால் கம்பெனியே போய்விடும் என்கிறார். அவர் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவர் விலகும் நாளில் கலவை யார் கையில் இருக்கும்?

பழைய_பிளான்ட்_மேனேஜர்

இதற்கு ரப்பர் தொழிலில் பழைய வழியே இருக்கிறது. பொடி, எண்ணெய், வேக வைக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் குறியீட்டுப் பெயர் கொடுத்து, தனி அறையில் எடை போட்டுச் சின்னப் பைகளாகக் கட்டிவிடுவார்கள். நீடரில் போடுபவருக்கு எந்த வரிசையில் எந்தப் பை என்பது மட்டும் தெரியும். எடை அறையில் இருப்பவருக்குக் குறியீடும் எடையும் மட்டும் தெரியும். முழு ஃபார்முலா உங்கள் இருவர் கையிலும், ஒரு பிரதி வங்கி லாக்கரிலும்.

இதில் இன்னொரு பிடி இருக்கிறது. ஐஏடிஎஃப் வாடிக்கையாளருக்கு ஒப்புதல் பெற்ற கலவையையோ செய்முறையையோ அவர்களிடம் சொல்லாமல் மாற்றக் கூடாது. மாற்றினால் மறுபடி மாதிரி கொடுத்து பிபிஏபி எனும் உற்பத்திப் பாக ஒப்புதல் வாங்க வேண்டும். எனவே ஃபார்முலாவைத் "தெரிந்துகொள்வது" வேறு, "மாற்றுவது" வேறு. தினசரி கலக்கிற உரிமையை இன்றே கீழே கொடுக்கலாம். மாற்றுகிற உரிமை அப்பாவிடமே இருக்கட்டும், அவர் விலகிய பிறகு உங்கள் இருவரின் கையெழுத்தோடு. இரண்டையும் ஒரே கட்டாகப் பார்த்ததால்தான் அவருக்குப் பயமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேட்ச் எண், யார் விடுவித்தது, எந்த அச்சு, எந்தப் பெட்டி என்ற தடம், அப்புறம் ஒப்புதல் இல்லாமல் மாற்றம் இல்லை என்ற விதி. இவை இரண்டும் ஆள் மாறினாலும் குழு மாறினாலும் அசையக் கூடாது. மற்றதெல்லாம் அசையலாம்.

மேலூர்_வயல்

நான் பாசன சங்க வேலையில் இருப்பவன். "மாற்றம் வரும் என்று தெரிந்தே வகுப்பது" என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு வைகை அணைதான் நினைவுக்கு வந்தது.

அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கும் தகவல் போகும். தண்ணீர் 66 அடி வந்த ராத்திரியில் யாரும் கூட்டம் போட்டு "எச்சரிக்கை விடலாமா" என்று விவாதிப்பதில்லை. விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

கண்மாயிலும் இதே முறைதான். நிறைந்திருக்கும்போது மடையைத் திறந்துவிட்டால் அவரவர் வயலுக்குப் பாய்ந்துகொள்ளும். தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். அப்போது எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று நீர்பாய்ச்சி சொல்வதுதான் கணக்கு, நிலத்துக்காரர் குறுக்கே வர முடியாது. ஒரே கண்மாய், ஒரே ஆட்கள், நீர்மட்டத்துக்கு ஏற்ப இரண்டு ஆட்சி. எப்போது ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவது என்பதும் ஊருக்குத் தெரியும்.

உங்கள் யூனிட்டுக்கும் இப்படி அடிக்குறிகள் நட்டு வையுங்கள். மின்வாகன ஆர்டர் மொத்த விற்பனையில் இத்தனை பங்கைத் தாண்டினால் அதற்குத் தனிப் பொறுப்பாளருக்குப் பதில் தனிக் குழு. சிலிக்கோனில் இத்தனை மாத ஆர்டர் கையில் இருந்தால்தான் இரண்டாவது மெஷின். பழைய சீல் ஆர்டர் இவ்வளவுக்குக் கீழே போனால் அந்த பிரஸ்கள் யாருக்கு. எண்ணை நீங்களே போட வேண்டும், வெளியாள் போட முடியாது. ஆனால் இப்போது அமைதியாக இருக்கும்போதே போட வேண்டும்.

ஷிப்ட்_பி

மேலூர் அண்ணே சொன்னது மனசுக்குப் பட்டது. எங்களுக்குத் தொல்லையே, எப்போது என்ன மாறும் என்று தெரியாததுதான். ஒரு திங்கட்கிழமை வந்தால் லைன் மாறியிருக்கும், கூட வேலை பார்த்தவர் வேறு ஷிப்டில் இருப்பார். எந்த எண் வந்தால் மாறும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தால், நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டே மனசைத் தயார் செய்வோம்.

வரவுசெலவு

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். முடிவெடுக்கும் உரிமையைக் கீழே கொடுத்துவிட்டு, செக்கில் கையெழுத்து மட்டும் மேலேயே இருந்தால் உரிமை கொடுக்கவில்லை என்றே அர்த்தம்.

பாகங்களின் ஓரப் பிசிறு வெட்டும் வேலையை நீங்கள் வெளியே சின்ன யூனிட்களுக்குக் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமாக அவர்கள் இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் அப்படிச் சொல்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி வந்துவிட்டது. அந்தக் கெடுவைத் தாண்டினால், எந்த ஆண்டில் உண்மையில் பணம் கொடுக்கிறீர்களோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். முதலாளி ஊரில் இல்லை, கையெழுத்து ஆகவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. எனவே சரக்கு வந்தது, தரம் பார்த்தாயிற்று என்ற இரண்டு கையெழுத்து இருந்தால் கெடு நாளுக்கு முன்பே பணம் தானாகப் போகும்படி கணக்குப் பிரிவுக்கு அதிகாரம் கொடுத்துவிடுங்கள். அந்தச் சின்ன யூனிட்காரர்கள் பணம் நாளுக்கு வந்தால்தான் அவசர வேலைக்கு உங்களோடு நிற்பார்கள். மாற்றத்தைத் தாங்குவதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

சிலிக்கோன் பிரிவுக்குத் தனி வரவுசெலவு வையுங்கள். தனிக் கம்பெனி இப்போதே வேண்டாம், கணக்கில் தனிப் பிரிவு போதும். பொதுச் செலவில் அதன் பங்கு என்ன என்று முதல் மாதத்திலேயே விதி போடுங்கள். இல்லையென்றால் ஓராண்டு கழித்துப் பழைய பிரிவு புதிய பிரிவைத் தாங்கியதா, புதியது பழையதைத் தாங்கியதா என்று யாருக்கும் தெரியாது.

குடும்பத் தொழில் என்பதால் கடைசியாக ஒன்று. மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் டிவிஎஸ் குழுமம், தலைமுறைகள் தாண்டிய பிறகு 2020 டிசம்பரில் குடும்ப ஏற்பாடு ஒன்றுக்கு வந்தது. எந்தக் கம்பெனியை எந்தக் கிளை நடத்துகிறதோ, அதன் உரிமையும் அந்தக் கிளைக்கே என்பது அதன் அடிப்படை. உங்கள் அளவில் இதெல்லாம் பெரிது. ஆனாலும் நீங்களும் தம்பியும் யார் எதை நடத்துகிறீர்கள் என்பதையும், யாருக்கு எதில் பங்கு என்பதையும் அப்பா இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். கீழே எவ்வளவு நல்ல முறை இருந்தாலும் மேலே இது தீராமல் கிடந்தால், சூப்பர்வைசர்கள் யாருடைய ஆள் என்று பிரியத் தொடங்கிவிடுவார்கள்.

இலந்தைக்குளம்_ஐடி

எல்லாம் சரி. வகுத்த முறையை எப்போது திருப்பிப் பார்ப்பது? மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள் என்பேன். வேகமாக மாறுகிற தொழிலில் ஆண்டுக்கு ஒரு முறை போதாது.

ஷிப்ட்_பி

தம்பி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை முறையே மாறினால் நாங்கள் எதைத்தான் பழகுவது? ஒரு வேலை கைக்குப் படிய நேரம் வேண்டும். எல்லைகளை, எண்களை வேண்டுமானால் மாதாமாதம் பாருங்கள். யார் யாரோடு வேலை செய்கிறார் என்பதை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். பண்டிகைக்கு முந்தைய டிஸ்பாட்ச் நெருக்கடியில் எதையுமே தொடாதீர்கள்.

பழைய_பிளான்ட்_மேனேஜர்

ஷிப்ட்_பி பக்கம்தான் நான். மேலூர்க்காரர் சொன்ன அடிக்குறிகள் இருந்தால் நாள்காட்டி பார்த்துத் திருப்பிப் போட வேண்டிய அவசியமே குறையும். எண் வந்தால் மாறட்டும். வராதவரை ஆட்களை நிம்மதியாக வேலை செய்ய விடுங்கள்.

இலந்தைக்குளம்_ஐடி

எண் எதுவும் தாண்டாமலே சூழ்நிலை மாறுவதும் உண்டு ஐயா. நீங்கள் அடிக்குறி நடாத இடத்திலிருந்துதான் பெரிய மாற்றம் வரும். இவர்களுக்கு மருத்துவ ஆர்டர் வந்ததே அப்படித்தானே? அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பதையாவது விடாதீர்கள். பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் எழுந்தாலும் நல்லதுதான்.

கப்பலூர்மகள்

இதில் இருவர் சொல்வதும் எனக்கு வேண்டும். உட்கார்ந்து பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆட்களை மாற்றுவது ஆண்டுக்கு ஒரு முறை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்களும் இருப்பார்கள்.

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். சிலிக்கோனுக்குப் பின்பக்கத்து ஷெட்டைத் தனியாக அடைக்கிறோம். பிசிறு வெட்டும் யூனிட்களின் பில் இனிமேல் அப்பாவுக்கு வராது, கணக்குப் பிரிவோடு முடியும். பேட்ச் விடுவிப்பு முழுக்க எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பெண்ணின் கையெழுத்தில் போகும். ரியோமீட்டர் எண்ணும் கடினத்தன்மையும் எல்லைக்குள் இருந்தால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: எல்லைக்கு வெளியே போன பேட்ச் எல்லாவற்றின் துண்டும் அவர் வரும்போது மேசையில் இருக்க வேண்டும். கையில் இழுத்துப் பார்த்து, ஏன் அப்படி ஆனது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லித் தருகிறேன் என்கிறார். ஃபார்முலா லாக்கர் விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

ஷிப்ட்_பி

நல்லது சகோதரி. ஆய்வகத்தில் ராத்திரி ஆள் இருப்பாரா? இல்லையென்றால் நான் சொன்ன போன் கதை உங்களுக்கும் வரும்.

கப்பலூர்மகள்

ராத்திரி ஆள் இல்லை அண்ணே. ராத்திரி ஷிப்டுக்கு வேண்டிய பேட்ச்களை மாலைக்குள் சோதித்துப் பச்சை அட்டை கட்டிவிடுவோம். அட்டை இல்லாதது பிரஸ் பக்கமே போகாது. அட்டை உள்ளது தீர்ந்துவிட்டால் பிரஸ்ஸை நிறுத்துவது சூப்பர்வைசரின் முடிவு. அதற்காக அவர் மேல் மெமோ வராது என்று எழுதி, அப்பாவும் தம்பியும் நானும் கையெழுத்துப் போட்டு ஷிப்ட் ரூமில் ஒட்டியிருக்கிறோம்.